ஒரு பாட்டில் மூடியது, பத்துப் பாட்டில் திறந்தது: திருத்துறைப்பூண்டி – அகத்தியம்பள்ளி ரயில் பாதை

வேதாரண்யம் கோயிலுக்குப் போய்விட்டுக் கதவின் கதையைக் கேட்காமல் திரும்பியவர் யாரும் இருக்க முடியாது. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவு. ஊர் மக்கள் பக்கத்தில் இன்னொரு வாசல் வைத்து அதன் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தார்கள். அப்பர் பாடினார்; கதவு அசையவில்லை. பத்துப் பாட்டு முடிந்து மேலும் இரங்கிக் கேட்ட பிறகுதான் திறந்தது. பிறகு சம்பந்தர் பாடினார். முதல் பாட்டுக்கே அடைத்துக்கொண்டது. திறக்க இவ்வளவு நேரம், மூட இவ்வளவு சீக்கிரமா என்று அப்பர் வருந்தினார் என்பார்கள்.

அந்த ஊருக்குப் போகும் ரயில் பாதையின் கதையும் இதுதான். திருத்துறைப்பூண்டியில் பிரிந்து, கரியாப்பட்டினம், தோப்புத்துறை, வேதாரண்யம் வழியாக அகத்தியம்பள்ளி உப்பளத்தில் முடிகிற 37 கிலோமீட்டர் கிளைப் பாதை. மீட்டர்கேஜ் என்ற பழைய குறுகிய பாதையின் வண்டி நின்றதற்கும் அகலப்பாதை வண்டி வந்ததற்கும் நடுவே ஏறத்தாழ இருபது ஆண்டு ஓடிவிட்டது. அதுவரை மக்கள் பக்கத்து வாசலில் போய் வந்தார்கள். ஆளுக்குப் பஸ், உப்புக்கு லாரி.

மூடியதற்கும் திறந்ததற்கும் அரசியலைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அது போதவில்லை. இந்தப் பாதைக்குச் சரக்கு இல்லாமல் போனதே கிடையாது. வேதாரண்யத்தில் உப்பு விளைவது ஒருநாளும் நிற்கவில்லை. மாறியது ரயில்வே கணக்குப் பார்க்கும் முறை. பாதையின் ஏற்ற இறக்கம் முழுவதும் அந்தக் கணக்கோடுதான் பின்னிக் கிடக்கிறது.

ரூபாய்க்கு மூன்று பை

கதையைத் தாய்ப்பாதையிலிருந்து தொடங்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் மாயவரத்துக்கு (இன்றைய மயிலாடுதுறை) தெற்கே, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று கடலோரமாக இறங்கும் நெல் நாட்டுக்கு எந்தக் கம்பெனியும் பாதை போட முன்வரவில்லை. மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் மாவட்ட போர்டு தானே போட்டது. நிலவரியோடு சேர்த்து ரூபாய்க்கு மூன்று பை வீதம் ரயிலுக்கென்று தனி வரி வசூலித்தார்கள். பழைய கணக்கில் ஒரு ரூபாய் என்பது 192 பை. ஆக அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அப்படிச் சேர்ந்த பணத்தை அடியாகக் கொண்டு மாயவரம் – முத்துப்பேட்டை பாதை 1894-ல் திறக்கப்பட்டது. அது பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை நீண்டது 1903-ல். வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதையின் சொந்தக்காரர் மாவட்ட போர்டு.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரயில் என்றால் வெள்ளைக்காரன் லண்டனில் பங்கு விற்றுப் போட்டது என்ற நினைப்பே நம்மிடம் பதிந்திருக்கிறது. இங்கே அப்படியில்லை. குறுவையும் சம்பாவும் போட்டவனுடைய தீர்வையில் ஒரு துளி அந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது. அரசுச் சொத்து என்று சொல்வதைவிட ஊர்ச் சொத்து என்று சொல்வதே பொருந்தும். மாவட்ட போர்டுகள் 1950-களின் கடைசியில் கலைக்கப்பட்டன. ரயில்களெல்லாம் அதற்கு முன்பே, 1951-ல் உருவான தெற்கு ரயில்வேயின் கீழ் வந்துவிட்டன. உள்ளூரில் உட்கார்ந்து உள்ளூர்ப் பாதையைப் பற்றி முடிவெடுத்த இடம் அத்தோடு இல்லாமல் போயிற்று.

அந்தப் பாதையில் திருத்துறைப்பூண்டியிலிருந்து தென்கிழக்கே கிளைத்ததுதான் வேதாரண்யம் பாதை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே உப்பளத்தை எட்டிவிட்டது. ஒரு காலத்தில் அதையும் தாண்டிக் கோடியக்கரை வரை போனது.

உப்புச் சத்தியாகிரகத்துக்காக 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் வீட்டிலிருந்து நூறு பேர் அளவிலான தொண்டர்களோடு நடந்து புறப்பட்டார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று சுமார் 150 மைல். சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் தண்டோரா போட்டும் ஊர்கள் சோறு போட்டன. 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். சர்தார் வேதரத்தினம் பிள்ளை அவர்களை ஏற்றுத் தங்கவைத்தார். 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள், கைதானார்கள். அந்த இடத்தில் இன்று நினைவுத் தூண் நிற்கிறது. அவர்கள் நடந்த கடைசிக் கட்டத்தைத்தான் இந்த ரயில் பாதையும் ஏறக்குறைய ஒட்டிப் போகிறது. திருச்சியில் புறப்பட்டவர் உப்பைத் தேடி இங்கே ஏன் வந்தார் என்பதற்கும், பாதை உப்பளத்து வாசலில் ஏன் முடிகிறது என்பதற்கும் விடை ஒன்றே. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த பெரிய உப்பு விளைச்சல் இங்கேதான்.

எடை அதிகம், விலை குறைவு

உப்பளத்தைப் பக்கத்தில் பார்த்தால்தான் ரயிலின் அருமை புரியும். தை, மாசியில் மழைத் தண்ணீர் வடிந்ததும் பாத்திகளை மிதித்து மிதித்துக் களிமண் தரையைக் கெட்டிப்படுத்துவார்கள். பிறகு உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி நகர்த்திக் காயவைத்துக்கொண்டே வருவார்கள். கடைசிப் பாத்தியில் நீர் கனத்து, ஓரத்தில் முதலில் வெள்ளைப் பூப்போலப் படியும். நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் அதை மெல்ல இழுத்து வரப்போரம் ஒதுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் அடிமண் கிளம்பி உப்பு கறுத்துவிடும். கறுத்த உப்புக்கு விலை இல்லை. கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். பெண்கள்தான் பெரும்பாலும் சுமக்கிறார்கள். வெயிலும் வெண்மையும் சேர்ந்து கண்ணைக் கூச வைக்கும். காலில் வெடிப்பு இருந்தால் உவர்நீர் பட்டு எரியும். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் முடிந்தது. அதற்குள் விளைந்ததைக் குவித்து ஓலை வேய்ந்து மூடிவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எடுக்கும் பொருளுக்கு அளத்தில் கிடைக்கும் விலை மிகக் குறைவு. எடையோ அதிகம். ஆகவே உப்பு எங்கே விற்கும் என்பதை முடிவு செய்வது வண்டிக் கூலி. தூரத்து ஊருக்கு லாரியில் அனுப்பினால் உப்பின் விலையைவிடக் கூலி மிஞ்சிப்போகும். ரயிலுக்கென்றே பிறந்த சரக்கு இது.

அப்படியானால் ரயில் ஏன் இந்தச் சரக்கை இழந்தது? இரண்டு காரணம் சொல்வேன்.

முதலாவது, கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாதைகளெல்லாம் 1,000 மில்லிமீட்டர் அகல மீட்டர்கேஜ். நாட்டின் பெரிய பாதைகள் 1,676 மில்லிமீட்டர். மீட்டர்கேஜ் வேகனில் ஏற்றிய உப்பு, வடக்கே போகும் வழியில் அகலப்பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். மூட்டை கிழியும், உப்பு சிந்தும், ஈரம் இழுக்கும், இரண்டாவது ஏற்று கூலி சேரும். 1992-ல் ஒரே கேஜ் திட்டம் தொடங்கி ஒவ்வொரு பெரிய பாதையாக மாறிக்கொண்டு வந்தபோது, மாறாமல் மிச்சமிருந்த மீட்டர்கேஜ் துண்டுகள் தீவுகளாகின. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் பழுது பார்க்கவும் வழி சுருங்கியது. கரையெல்லாம் அகலமாகிவிட்ட பிறகு தீவில் யார் வியாபாரம் செய்வார்?

இரண்டாவது காரணத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை, ஆனால் அதுதான் ஆழமான காயம். முன்பெல்லாம் ஒரு வியாபாரி ஒரு வேகன், இரண்டு வேகன் என்று பதிந்து அனுப்பலாம். சின்ன ஸ்டேஷனில் ஏற்றிய வேகனை கூட்ஸ் வண்டி வழியில் இழுத்துக்கொண்டு போய் யார்டில் பிரித்துச் சேர்க்கும். 1980-களிலிருந்து ரயில்வே இதைக் கைவிட்டு, முழு வண்டியாக, ‘ரேக்’காக ஏற்றுவதற்கு மாறியது. வண்டிகள் யார்டில் நாள்கணக்கில் கிடப்பது குறைந்தது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் அது சரியான முடிவு. ஆனால் மூடு வேகன் 42 கொண்ட ஒரு ரேக்குக்கு 2,500 டன் உப்பு வேண்டும். நூற்றுக்கும் மேல் லாரிச் சுமை. அதை ஒரே இடத்தில், ஒரே ஊருக்கு, ரயில்வே கொடுக்கும் சில மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். பெரிய நிறுவனம் செய்துவிடும். சில ஏக்கர் அளம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? லாரிக்குத்தான் போவார். அப்படிப் போனதும், இந்தப் பாதையில் சரக்கு வரவில்லை என்று கணக்கு எழுதப்பட்டது. கணக்கு பொய்யில்லை, ஆனால் சரக்கு வரும் வழியை அடைத்தது யார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

வருமானம் இல்லை என்ற காரணத்துக்காகக் காவிரிக் கடைமடையில் உயிரிழந்த கிளைகள் பல. மயிலாடுதுறை – தரங்கம்பாடி, பேரளம் – காரைக்கால், நீடாமங்கலம் – மன்னார்குடி எல்லாம் 1970, 80-களில் நின்றவை. வேதாரண்யம் கிளை அவற்றைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்தது, உப்பு இருந்ததால். 2000-களின் முற்பகுதியில் அதுவும் நின்றது. தாய்ப்பாதையிலும் திருவாரூருக்குத் தெற்கே 2012-ல் மீட்டர்கேஜ் வண்டிகள் நின்று, அகலப்பாதையாகி 2019-ல்தான் மீண்டும் வண்டி ஓடியது. தாய்ப்பாதை அகலமாகாமல் கிளை மட்டும் அகலமாகி என்ன பயன்? ஆக வேதாரண்யம் காத்திருந்ததில் பாதி, திருத்துறைப்பூண்டிக்காகக் காத்திருந்தது.

இடையில் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டியே கரையேறியது. தென்னை, மா, முல்லைக் கொடி, உப்பளம் எதையும் விடவில்லை. புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களைப் பார்த்தவர்களுக்கு ரயில் என்பது ஆடம்பரமாகத் தோன்றவில்லை. பிழைப்புக்கு வெளியே போய்வர ஒரு வழியாகத் தெரிந்தது.

திறந்தது எது?

2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் சென்னையிலிருந்து பாதையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 37 கிலோமீட்டர் அகலப்பாதைக்கு 294 கோடி ரூபாய் செலவு. நாகப்பட்டினம் மாவட்டத்து அகத்தியம்பள்ளியிலிருந்து சமையல் உப்பும் தொழிற்சாலை உப்பும் கொண்டுபோக இது உதவும் என்பதே அரசு சொன்ன முதல் பயன். அன்றே திருத்துறைப்பூண்டி – அகத்தியம்பள்ளி டெமு (டீசல் பயணிகள்) வண்டியும், இதே வட்டாரம் வழியாகப் போகும் தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸும் கொடியசைக்கப்பட்டன. ஊர் திரண்டு வந்து பார்த்ததில் வியப்பில்லை. கடைசி மீட்டர்கேஜ் வண்டிக்குக் கையசைத்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் வயதை எட்டியிருந்தார்கள்.

பாதை திறந்ததில் எனக்குக் கொஞ்சமும் குறையில்லை. நல்ல பாதை, நல்ல வேலை. உப்புக் காற்றில் தண்டவாளத்தைக் காப்பாற்றுவது எளிதல்ல. தண்டவாளத்தின் அடிப்பாகம் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியிலுள்ள லைனர் என்ற தகட்டைத் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் தங்கி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். மேலே பார்த்தால் தெரியாது. சுத்தியலும் சாவியும் எடுத்துக்கொண்டு தினமும் நடக்கும் கீமேன் கிளிப்பைக் கழற்றிப் பார்த்து, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவிப் பூட்டினால்தான் ஆயுள். கடலோரப் பாதைக்கு ஆகும் இந்தச் செலவு வண்டி ஓடினாலும் ஆகும், ஓடாவிட்டாலும் ஆகும். வண்டி குறைவாக ஓடினால் ஒவ்வொரு வண்டியின் தலையிலும் அதிகச் செலவு ஏறும். நட்டம் என்ற சொல் மீண்டும் முளைக்கும் இடம் இதுதான்.

இங்கே மன்னார்குடியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நீடாமங்கலத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர்கூட இல்லாத கிளை. இருபத்தைந்து ஆண்டுக்கும் மேல் செத்துக் கிடந்தது. 2011 செப்டம்பரில் மீண்டும் திறந்தபோதே சென்னைக்கு நேராக மன்னை எக்ஸ்பிரஸ் விட்டார்கள். பிறகு கோவைக்குச் செம்மொழி, திருப்பதிக்குப் பாமணி, ராஜஸ்தான் ஜோத்பூர்ப் பக்கம் பகத் கி கோட்டிக்கு ஒரு வண்டி. மன்னார்குடிக்காரர் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் சென்னையில் இறங்குகிறார். கிளை எவ்வளவு குட்டை என்பது யாருக்கும் நினைவில்லை, ஏனென்றால் யாரும் கிளைக்குள் மட்டும் பயணம் செய்வதில்லை.

வேதாரண்யத்துக்கு முதலில் கிடைத்தது கிளைக்குள்ளேயே போய்வரும் வண்டி. 37 கிலோமீட்டர் போய்த் திருத்துறைப்பூண்டியில் இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அதே திருத்துறைப்பூண்டிக்கு வேதாரண்யத்திலிருந்து பஸ் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் ஏறலாம், அதே பஸ் அப்படியே மேலேயும் போகும். மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும்? 2019-ல் தாய்ப்பாதை திறந்தபோது நடந்ததையும் மறக்க முடியவில்லை. திருவாரூர் – காரைக்குடி 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. லெவல் கிராசிங்குகளுக்கு ஆள் போடாததால் கேட்கீப்பர்கள் வண்டியிலேயே வந்து, ஒவ்வொரு கேட்டிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி மூடி, வண்டி தாண்டியதும் திறந்துவிட்டு மறுபடி ஏறினார்கள். கோடிக்கணக்கில் பாதை போட்டுவிட்டு, கேட்டுக்கு ஆள் இல்லாமல் பயணிகளைப் பஸ்ஸுக்கு அனுப்பிவைத்த காலம் அது.

இன்னொரு சிக்கல் வரைபடத்தில் இருக்கிறது. பாதை போட்ட நாளில் எல்லாமே ஒரே தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-ல் திருவாரூர். இப்போது வேதாரண்யம் நாகை மாவட்டத்தில், திருத்துறைப்பூண்டி திருவாரூர் மாவட்டத்தில். கலெக்டர் ஆபீஸ், மாவட்ட கோர்ட் என்று வேதாரண்யத்துக்காரர் போக வேண்டிய திசை வடக்கே, கடலோரமாக நாகப்பட்டினம். ரயில் போகும் திசை வடமேற்கு. திருக்குவளை வழியாக நாகப்பட்டினம் – திருத்துறைப்பூண்டி புதிய பாதை முடிந்தால் இந்தக் கோணல் பாதியாவது நேராகும். அந்தத் திட்டம் பல்லாண்டாக இழுத்துக்கொண்டே வருகிறது. இந்த இரண்டையும் தனித்தனித் திட்டமாகப் பார்ப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். 294 கோடியின் முழுப் பலன் அந்தப் பாதையின் கையில் இருக்கிறது.

சரக்குப் பக்கம் செய்யக்கூடியது இன்னும் தெளிவு. சின்ன அளக்காரர்களின் உப்பை ஒரே இடத்தில் சேர்த்துவைக்க மழை படாத கிடங்கு அகத்தியம்பள்ளி ஸ்டேஷனை ஒட்டி வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ உற்பத்தியாளர் கம்பெனியோ அவர்கள் பெயரில் ரேக் பதிய வேண்டும். பாதி ரேக், அல்லது இரண்டு ஊருக்குப் பிரித்து அனுப்பும் ரேக்குக்கு இந்த ஸ்டேஷனில் இடம் கொடுக்க வேண்டும். மற்ற சரக்குகளுக்கு ரயில்வே செய்யாத காரியமல்ல. மாசி முதல் புரட்டாசி வரைதான் விளைச்சல். கிடங்கு இருந்தால் மழைக்காலத்திலும் வண்டி ஏற்றலாம், விலையும் சற்று நிமிர்ந்து கிடைக்கும். முல்லைக்கும் இதுதான். வேதாரண்யத்தைச் சுற்றி விடியுமுன் பறிக்கும் பூ, வாடுவதற்குள் சந்தைக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு வண்டி தஞ்சாவூர் வரை நேராகப் போனால் பூக்காரர்கள் தாமே வந்து ஏறுவார்கள்.

அகத்தியம்பள்ளிக்கு அப்பால் அகலப்பாதை போகவில்லை. அங்கிருந்து தெற்கே கோடியக்கரைக் காடு: 1967-ல் சரணாலயமானது, 2002-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெளிமானும் பூநாரையும் வாழும் அந்த இடத்தை ரயில் விட்டுவிட்டதே நல்லது. பாதை உப்போடு நிற்கட்டும். கடைசித் தண்டவாளத்தின் முட்டுக்கட்டையருகே நின்றால் இருபுறமும் பாத்திகள், ஓலை மூடிய குவியல்கள், தூரத்தில் தலைச்சுமையோடு வரப்பில் நடந்து வரும் பெண்கள். வேகன் வந்து நிற்க வேண்டிய இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் உப்பு இருக்கிறது.